உணவு பிராண்டின் சுற்றுச்சூழல் அக்கறை: வாங்குபவர் மனதில் எது பதிகிறது?

உங்கள் கேள்வி இது: ஓர் உணவு நிறுவனம் சுற்றுச்சூழலுக்காக நல்லது செய்தால், அந்த பிராண்டைப் பற்றி மக்கள் நினைப்பது உண்மையிலேயே மாறுமா? மாறினால் எந்த வழியாக மாறும்? புராஜெக்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாறும். ஆனால் நிறுவனம் எவ்வளவு நல்லது செய்தது என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. செய்ததில் எவ்வளவு வாங்குபவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டியது என்பதைப் பொறுத்தே மாறுகிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. நேர்மையான நிறுவனம் தோற்பதும் அங்கேதான், செய்யாததைச் செய்ததாகக் காட்டும் பசுமைப் பூச்சு அடித்துப் பிழைப்பவர்கள் பிழைப்பதும் அங்கேதான்.

முதலில் கேடு எங்கே நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 2018-ல் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 119 நாடுகள், சுமார் 38,700 பண்ணைகளின் தரவு. மனிதர்களால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 26 சதவீதம் உணவால் வருகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பங்கைப் பிரித்துப் பார்த்தால் பேக்கிங் சுமார் 5 சதவீதம், போக்குவரத்து சுமார் 6 சதவீதம். ஐந்தில் நான்கு பங்கு வயலிலும், கால்நடைப் பண்ணையிலும், சாகுபடிக்காகக் காட்டை அழிக்கும் இடத்திலுமே தீர்ந்துவிடுகிறது. பொருள் ஆலைக்குள் நுழைவதற்கு முன்பே பெரும்பாலான கேடு நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது வாங்குபவர் பக்கம் வருவோம். உணவுப் பொருள்களுக்கான நுகர்வோர் கலந்துரையாடல்களை நடத்தும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். மேஜையில் நான்கைந்து பாக்கெட்டுகளை வைத்து, “இதில் எந்த கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் மேல் அக்கறை அதிகம் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்போம். யாரும் யோசிப்பதற்கு முன்னால் கை பாக்கெட்டுக்குப் போய்விடும். கட்டைவிரலால் தேய்ப்பார்கள், லேசாகக் கசக்கிச் சத்தம் கேட்பார்கள். பளபளப்பில்லாத பழுப்பு நிறக் கவர் என்றால், “இவங்க பரவாயில்ல போல இருக்கு” என்று ஒரு குரல் வரும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மூலப்பொருள் எங்கிருந்து வாங்கப்பட்டது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் திருப்பிப் படித்தவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும். அவர்களைக் குறை சொல்லவில்லை. பத்து விநாடியில் ஒரு பொருளை எடுத்துக் கூடையில் போடுகிறவருக்கு வயல் எங்கே தெரியும்? கவர்தான் தெரியும்.

இதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். தாத்தியானா சொகொலோவா, ஆராத்னா கிருஷ்ணா, டிம் டோரிங் மூவரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விதமான பேக்கிங்கை மக்களிடம் காட்டினார்கள். ஒன்று வெறும் பிளாஸ்டிக் உறை. மற்றது அதே பிளாஸ்டிக் உறை, அதன் மேல் கூடுதலாக ஒரு காகித உறை. குப்பை எதில் அதிகம் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் காகிதம் சுற்றியதுதான் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று மக்கள் மதிப்பிட்டார்கள். காகிதம் நல்லது, பிளாஸ்டிக் கெட்டது என்று மனசு ஒரு விகிதக் கணக்குப் போடுகிறது, மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. வெறும் பிளாஸ்டிக் உறையின் மேல் ‘குறைந்தபட்ச பேக்கிங்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதும் அந்த மயக்கம் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நெதர்லாந்தில் தக்காளி சூப் பேக்கிங்கை வைத்து 2017-ல் வந்த ஆய்விலும் இதே கதைதான்: கண்ணாடி ஜாடிக்கு மக்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள், தயாரிப்பிலிருந்து குப்பை வரை மொத்தக் கேட்டையும் கூட்டும் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கில் கண்ணாடி பின்தங்கியே நின்றது.

கைக்கு எட்டுவதுதான் பதியும் என்பதற்குத் தலைகீழான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ரிட்டோ லே நிறுவனம் 2010-ல் தன் சன்சிப்ஸ் பாக்கெட்டை மக்காச்சோளத்திலிருந்து செய்யப்பட்ட, மக்கிப்போகக்கூடிய பொருளுக்கு மாற்றியது. நல்ல நோக்கம், நிஜமான முயற்சி. ஆனால் அந்தக் கவரின் மூலக்கூறு அமைப்பு விறைப்பானது. தொட்டால் போதும், ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஒருவர் கருவி வைத்து அளந்து 95 டெசிபல் என்று வீடியோ போட்டார். “இந்த பாக்கெட் சத்தத்துல நீங்க பேசுறது கேட்கல” என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு ஃபேஸ்புக் குழுவில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அக்டோபர் மாதமே ஒரு சுவையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பழைய கவர் திரும்பி வந்தது. கனடாவில் மட்டும் அந்தக் கவரைக் கைவிடாமல், கேட்பவர்களுக்குக் காதடைப்பான் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். எனக்குப் பிடித்த விளம்பர யுக்திகளில் அதுவும் ஒன்று. கவர் மக்குவது வாங்குபவரின் கண்ணெதிரே நடப்பதில்லை. சத்தமோ அவர் மடியிலேயே கேட்கிறது. நன்மை தூரத்திலும் தொந்தரவு பக்கத்திலும் இருந்தால் பிராண்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

அடுத்து சுவைக்கு வருகிறேன். உணவு பிராண்டுகளை மற்ற பிராண்டுகளிடமிருந்து வேறுபடுத்துவது இதுதான். சட்டையோ செல்போனோ வாயில் போடும் பொருள் இல்லை. சுற்றுச்சூழல் பற்றிய ஒரு வார்த்தை உணவின் ருசியையே மாற்றிவிடும். ஸ்வீடனில் பாட்ரிக் சோர்க்விஸ்ட் குழு 2013-ல் இதைச் சோதித்தது. இரண்டு கோப்பைக் காபி. ஒன்று சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் விளைந்தது, மற்றது சாதாரணம் என்று சொன்னார்கள். உண்மையில் இரண்டும் ஒரே காபி. பெரும்பாலானவர்களுக்கு முதல் கோப்பைதான் ருசித்தது. சுற்றுச்சூழல் மேல் அக்கறை அதிகமுள்ளவர்களிடம், “எது எது என்று சொல்லாமல் குடிக்கவைத்த குருட்டுச் சோதனையில் நீங்கள் விரும்பியது சாதாரண காபியைத்தான்” என்று சொன்ன பிறகும், மற்றதற்கே கூடக் காசு தரத் தயாராக இருந்தார்கள். நாக்கு ஒன்று சொன்னது என்றே வைத்துக்கொண்டாலும் மனசு அதை ஏற்கவில்லை.

ஒரு நல்ல பெயர் மற்றதையும் நல்லதாகக் காட்டும் இந்த ஒளிவட்டம் சுவையோடு நிற்பதில்லை, ஆரோக்கியத்துக்கும் பரவும். ஜொனாதன் ஷுல்ட், நார்பெர்ட் ஷ்வார்ஸ் இருவரும் 2010-ல் காட்டியது: ‘ஆர்கானிக்’ என்று எழுதிய பிஸ்கட்டில் கலோரி குறைவு என்று மக்கள் நினைக்கிறார்கள். சர்க்கரை அதே சர்க்கரை. வியப்பாக இருப்பது இன்னொன்று. பெல்ஜிய ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு ஹாம்பர்கரின் கார்பன் தடத்தை, அதாவது அதனால் வெளியேறும் பசுங்குடில் வாயுவின் அளவை, மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அதே ஹாம்பர்கர், கூடவே ஓர் ஆர்கானிக் ஆப்பிள். சேர்த்தால் தடம் கூடத்தானே வேண்டும்? மக்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். ஒரு நல்ல பொருள் பக்கத்தில் உட்கார்ந்தால் கெட்டதன் கணக்கு கழிகிறது. நூறு பொருள் விற்கும் ஒரு நிறுவனம் இரண்டே இரண்டு ‘பசுமை’ வகைகளை அலமாரியின் நடுவில் ஏன் வைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சக்தி வேலை செய்கிறது, அதை மார்க்கெட்டிங்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. ஜார்ஜ் நியூமன், மார்கரீட்டா கோர்லின், ரவி தார் மூவரும் 2014-ல் சொன்னது இது: ஒரு பொருளைச் சுற்றுச்சூழலுக்கு நல்லதாக ஆக்கவேண்டும் என்றே நிறுவனம் திட்டமிட்டு மாற்றியது என்று தெரிந்தால், மக்கள் அதன் தரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வேறு எதையோ மேம்படுத்தப் போய், தற்செயலாக அந்த நன்மை கிடைத்தது என்றால் அந்தச் சந்தேகம் வருவதில்லை. காரணம் எளிது. கம்பெனியிடம் இருக்கும் கவனமும் பணமும் ஓர் அளவுதான், அதை இங்கே கொட்டினால் அங்கே குறையும் என்பது எல்லோருடைய உள்மனக் கணக்கு. உணவில் ‘அங்கே’ என்றால் சுவை. ஆகவே சுவை பற்றிய நம்பிக்கை ஏற்கெனவே உறுதியாக இருக்கும் பிராண்டு பசுமை பேசினால் ருசி கூடுகிறது. சுவை சந்தேகத்தில் இருக்கும் பிராண்டு அதையே பேசினால், “ஓ, அதான் இப்படி இருக்கா?” என்ற பதில் வருகிறது.

நோக்கம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இங்கே பலர் ஒரு தவறான அனுமானத்தோடு ஆரம்பிப்பார்கள்: லாபத்துக்காகத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தால் மக்கள் வெறுப்பார்கள் என்று. அப்படி இல்லை. பாம் எலன், டெபோரா வெப், லோயிஸ் மோர் 2006-ல் செய்த ஆய்வில், நிறுவனத்தின் நோக்கத்தை மக்கள் நாலு விதமாகப் பிரித்துப் பார்ப்பது தெரிந்தது. உண்மையான அக்கறையால் செய்வது ஒன்று. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் வியாபார உத்தியாகச் செய்வது இரண்டு. பிறர் நெருக்குதலுக்காகச் செய்வது மூன்று. பிரச்சினையைச் சுரண்டித் தனக்கு மட்டும் ஆதாயம் தேடுவது நான்கு. முதல் இரண்டையும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். கடைசி இரண்டுதான் கசந்தது. வியாபாரி வியாபாரம் பார்ப்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை, நாடகம் ஆடுவதில்தான் பிரச்சினை.

நாடகம் என்று எப்போது தோன்றும்? இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்லலாம். ஒன்று, செய்த வேலையைவிட அதைத் தம்பட்டம் அடிக்கச் செலவழித்தது அதிகம் என்று தெரியும்போது. ஏற்கெனவே பேர் கெட்ட நிறுவனங்களுக்கு இது நேராகத் திருப்பி அடிக்கும் என்று 2006-லேயே காட்டியிருக்கிறார்கள். மற்றது, வாக்குறுதி முதலிலும் முரணான செயல் பின்னாலும் வரும்போது. டில்மன் வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் கண்டது: கெட்ட செயல் முதலில் தெரிந்து, பிறகு கொள்கை அறிவிப்பு வந்தால் கோபம் குறைவு. கொள்கையை ஊரெல்லாம் சொல்லிவிட்டு அதற்கு எதிராக நடந்தால் ‘வேஷதாரி’ என்ற எண்ணம் ஆழமாக இறங்கிவிடுகிறது. ஆகவே 2040-க்குள் இது, 2050-க்குள் அது என்று நீளமாக அறிவிக்கும் நிறுவனம், தன் கழுத்துக்குத் தானே ஒரு கயிற்றை அளந்து வைக்கிறது.

ஸ்வீடனின் ஓட்ஸ் பால் நிறுவனமான ஓட்லி இதை நன்றாக அனுபவித்தது. பாக்கெட்டிலேயே கார்பன் தடத்தை அச்சிட்டு, மற்றவர்களும் போடுங்கள் பார்ப்போம் என்று சவால்விட்ட பிராண்டு அது. 2020-ல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் அதில் பங்கு வாங்கியதும், பிளாக்ஸ்டோனுக்கு அமேசான் காடழிப்போடு தொடர்பு இருப்பதாகக் குற்றச்சாட்டு கிளம்பி, சமூக வலைத்தளங்களில் புறக்கணிப்புக் குரல் எழுந்தது. பாலின் கார்பன் தடம் அன்று ஒரு கிராம்கூடக் கூடவில்லை. 2022 ஜனவரியில் பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு, அவர்களுடைய சில விளம்பர வாசகங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று தீர்ப்புச் சொன்னது. புகார் கொடுத்தவர்கள் 109 பேர். பசுமை பற்றிப் பேச்சே எடுக்காத ஒரு பால் நிறுவனம் இந்த இரண்டு அடியையும் வாங்கியிருக்காது. தராசை முதலில் தூக்கிப்பிடித்தவனைத்தான் அதில் ஏற்றுவார்கள்.

கெட்ட செய்தி எப்படிப் பரவுகிறது என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம் 2010 மார்ச்சில் நடந்த கிட்கேட் விவகாரம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் விவரங்கள் முக்கியம். கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு நிமிட வீடியோ வெளியிட்டது. அலுவலகத்தில் காகிதம் அரைக்கும் இயந்திரத்தின் முன் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் கிட்கேட் பாக்கெட்டைப் பிரிக்கிறார். உள்ளே சாக்லேட்டுக்குப் பதில் ஒராங்குட்டானின் ரோமம் நிறைந்த விரல். அவர் கவனிக்காமல் கடிக்கிறார், வாயோரம் ரத்தம், கீபோர்டில் சொட்டுகிறது. இந்தோனேசியக் காடுகளை அழித்துப் பாமாயில் எடுக்கும் நிறுவனத்திடம் நெஸ்லே கொள்முதல் செய்கிறது என்பது குற்றச்சாட்டு.

நெஸ்லே செய்த முதல் காரியம், பதிப்புரிமையைக் காட்டி அந்த வீடியோவை யூடியூபிலிருந்து நீக்கச் சொன்னது. எரிகிற நெருப்பில் எண்ணெய். வீடியோ வேறு தளங்களில் ஏறி, பார்த்தவர்கள் எண்ணிக்கை பல லட்சமானது. நெஸ்லேயின் ஃபேஸ்புக் பக்கத்தில் மக்கள் அதன் லோகோவைத் திரித்துத் தங்கள் படமாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பக்கத்தை நிர்வகித்தவர், அப்படிப் போட்டால் நீக்கிவிடுவோம் என்று நக்கலாகப் பதில் எழுதினார். அந்தப் பதில்களும் தனியாகச் செய்தியாயின. இரண்டு மாதத்தில், மே மாதம், காடழிப்போடு தொடர்புள்ள சப்ளையர்களை விலக்கும் கொள்கையை நெஸ்லே அறிவித்தது.

உலகப் பாமாயில் உற்பத்தியில் நெஸ்லே வாங்கியது 1 சதவீதத்துக்கும் குறைவு. பாமாயிலை அதைவிட அதிகமாகப் பயன்படுத்திய நிறுவனங்கள் இருந்தன. ஆனால் ‘விரல்’ வடிவத்தில் உடைத்துத் தின்னும் ஒரு பொருள், உலகமே அறிந்த சிவப்புக் கவர், விளம்பர வாசகத்தைத் திருப்பிப்போட வசதி, இவை எல்லாம் நெஸ்லேயிடம் இருந்தன. பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி நடந்த காடழிப்பை அந்த ஒரு விரல் வாங்குபவரின் வாய்க்குள் கொண்டுவந்துவிட்டது. நான் முதலில் சொன்ன அந்த இடைவெளியை ஒரு நிமிடத்தில் மூடிய வீடியோ என்றுதான் அதைப் பார்க்கிறேன். இதே நிறுவனத்தை 2018-ல் நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பு, அறிக்கை சமர்ப்பிக்கவில்லை என்பதற்காகச் சில வாரம் இடைநீக்கம் செய்தது. உள்ளடக்கத்தில் அதுவும் பெரிய செய்திதான். ஆனால் 2010-ல் எழுந்தது போன்ற அலை எழவில்லை. அறிக்கைக்கு விரல் கிடையாது.

நல்ல பக்கத்தில் இதற்கு இணையானது சூரை மீன் டின். வலையில் டால்பின்கள் சிக்கிச் சாவதை சாமுவேல் லாபுடே என்பவர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து ரகசியமாகப் படம்பிடித்து வந்தார். 1988-ல் அந்தக் காட்சிகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடின. 1990 ஏப்ரலில் ஸ்டார்கிஸ்ட் நிறுவனம், டால்பினைக் கொல்லும் முறையில் பிடித்த மீனை வாங்கமாட்டோம் என்றது. அதே நாளில் மற்ற இரண்டு பெரிய போட்டியாளர்களும் பின்தொடர்ந்தார்கள். ‘டால்பின் பாதுகாப்பு’ முத்திரை வந்தபின் டின் மீனின் சந்தைப் பங்கு உயர்ந்தது என்று 2002-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ஒரே விலங்கு, ஒரே கேடு, ஒரே வாக்கியம், ஒரே முத்திரை. இப்படி அமைந்தால் லேபிள் வேலை செய்கிறது.

அமையாவிட்டால்? பிரிட்டனில் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் 2007-ல் தன் 70,000 பொருள்களுக்கும் கார்பன் லேபிள் போடுவதாக அறிவித்தது. அதே வருடம் வாக்கர்ஸ் சிப்ஸ் பாக்கெட்டில் 75 கிராம் கார்பன் என்று அச்சடித்தார்கள். 75 கிராம் அதிகமா, குறைவா? ஒப்பிட வேறு எண் இல்லாதபோது அது வெறும் எண். ஒவ்வொரு பொருளையும் அளக்கவே மாதக்கணக்கில் ஆனது, போட்டியாளர்களும் கூட வரவில்லை. 2012-ல் டெஸ்கோ திட்டத்தைக் கைவிட்டது, லேபிள் ஏறியது சில நூறு பொருள்களைத் தாண்டவில்லை. எண்ணைப் புரிகிற மாதிரி சொன்னால் பலன் உண்டு என்பதும் தெரிந்ததுதான். ஏட்ரியன் கமில்லேரி குழு 2019-ல் உணவின் கார்பன் தடத்தை ‘மின்விளக்கு எத்தனை நிமிடம் எரிவதற்குச் சமம்’ என்று லேபிளில் காட்டியபோது, மக்கள் மாட்டிறைச்சி சூப்பை விட்டுக் காய்கறி சூப் பக்கம் நகர்ந்தார்கள்.

எச்சரிக்கை லேபிள் எதிர்பாராத இடத்தில் அடிக்கும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, என் கணக்கில் இந்தத் துறையிலேயே மிகச் சுவாரசியமான ஒன்று. அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் மீன்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று டிராஃபிக் விளக்கு மாதிரி நிறக் குறி வைத்தார்கள். எரிக் ஹால்ஸ்டைன், சோஃபியா வில்லாஸ் போவாஸ் இருவரும் 2013-ல் விற்பனைக் கணக்கை அலசினார்கள். சிவப்பு விற்பனை குறையவில்லை, பச்சை கூடவுமில்லை. மஞ்சள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. மொத்த மீன் விற்பனையும் 15 சதவீதம் அளவு இறங்கியது. சிவப்புக் குறி இருந்தாலும் பிடித்த மீனை விடாதவர்கள் விடவில்லை, ஊசலாடிக்கொண்டிருந்த பொருளிலிருந்துதான் கை பின்வாங்கியது என்று நான் புரிந்துகொள்கிறேன். நல்லது கெட்டது பிரித்துக் காட்டப் போய், ‘மீன் என்றாலே ஏதோ பிரச்சினை’ என்ற எண்ணம் மொத்த வகைக்கும் ஒட்டிக்கொண்டது.

சொல்வதற்கும் வாங்குவதற்கும் உள்ள தூரத்தைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாக முடிக்கிறேன். 2019-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த கட்டுரை ஒன்று, இத்தகைய பிராண்டுகளை வாங்க விரும்புவதாக 65 சதவீதம் பேர் சொன்னதையும், உண்மையில் வாங்குபவர்கள் 26 சதவீதம் அளவே இருப்பதையும் எடுத்துக்காட்டியது. அதற்காக விற்பனையில் தாக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனமும் நீல்சன்ஐக்யூ சந்தை ஆய்வு நிறுவனமும் அமெரிக்க விற்பனைத் தரவை வைத்து 2023-ல் சொன்ன கணக்கு: சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு சார்ந்த வாசகம் உள்ள பொருள்கள் ஐந்து வருடத்தில் மொத்தமாக 28 சதவீதம் வளர்ந்தன, வாசகம் இல்லாதவை 20 சதவீதம். வாசகம்தான் வளர்த்தது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். நன்றாக ஓடுகிற புதுப் பொருளுக்கே நிறுவனங்கள் வாசகமும் விளம்பரச் செலவும் ஒதுக்குவது வழக்கம்.

சட்டமும் இப்போது உள்ளே வந்துவிட்டது, அதனால் ஆட்டத்தின் விதி மாறுகிறது. ஐரோப்பிய ஆணையம் 2020-ல் செய்த ஆய்வில், பரிசீலித்த சுற்றுச்சூழல் வாசகங்களில் 53 சதவீதம் தெளிவற்றவையாகவோ தவறாக வழிநடத்துபவையாகவோ ஆதாரமற்றவையாகவோ இருந்தன. ஸ்வீடனில் ஆர்லா பால் நிறுவனத்தின் ‘நிகர பூஜ்ஜிய’ (வெளியிட்ட வாயு முழுவதும் ஈடுகட்டப்பட்டது என்ற) வாசகத்துக்கு 2023-ல் நீதிமன்றம் தடை போட்டது. டென்மார்க்கில் டேனிஷ் கிரவுன் பன்றி இறைச்சிக்குச் சூட்டிய ‘பருவநிலைக் கட்டுப்பாடு’ என்ற அடைமொழி தவறாக வழிநடத்துகிறது என்று 2024-ல் தீர்ப்பானது. ஆதாரமில்லாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொதுவாக எழுதுவதையும், எங்கோ மரம் நட்டுக் கணக்கை ஈடுகட்டிவிட்டு இந்தப் பொருள் கார்பன் சமநிலை கொண்டது என்று சொல்வதையும் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிகள் அமலாகும் நாள் 2026 செப்டம்பர் 27. இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. வம்பே வேண்டாம் என்று, உண்மையில் வேலை செய்கிற நிறுவனங்களும் வாயை மூடிக்கொள்கின்றன. வழக்கறிஞர்கள் கையெழுத்துப் போடாமல் ஒரு வாசகமும் அச்சுக்குப் போகாத நிலையை நானே பார்த்தேன். கொள்முதலில் நிஜமான மாற்றம் செய்த ஒரு நிறுவனம், கவரில் ஒரு வரிகூடப் போடாமல் விட்டது. வாங்குபவர் பார்வையில் அந்த நிறுவனம் எதுவுமே செய்யாத பக்கத்து பிராண்டுக்குச் சமம்.

உங்கள் புராஜெக்டுக்கு வருவோம். “சுற்றுச்சூழல் மேல் அக்கறையுள்ள பிராண்டை வாங்குவீர்களா?” என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மூன்று பாக்கெட்டுகளைக் கையில் கொடுங்கள். சுவை எப்படி இருக்கும், உடம்புக்கு எப்படி, கம்பெனியை எவ்வளவு நம்பலாம் என்று தனித்தனியாக மதிப்பெண் வாங்குங்கள், சுற்றுச்சூழல் என்ற சொல்லையே எடுக்காமல். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் மூலப்பொருளை எங்கே, எப்படி வாங்குகிறது என்று நாலு வரி படிக்கக் கொடுத்து, அதே மூன்று கேள்விகளை மறுபடி கேளுங்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவே எந்த மதிப்பெண் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் உங்கள் தரவு. முடிந்தால் மூன்று வாரம் கழித்து அதே ஆட்களை அழைத்து, படித்த நாலு வரியில் என்ன நினைவிருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பலர் கவரின் நிறத்தைச் சரியாகச் சொல்வார்கள்.